நீக்கும் கருவிக்கு ஒரு கைநூல்

கணினிக் கருவிகளுக்கு எழுதப்படும் விளக்க நூல்களில் பெரும்பாலானவை ஆக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. எப்படி நிறுவுவது, எப்படித் தொடங்குவது, புதிய பயனர் ஒருவரை எப்படிச் சேர்ப்பது என்பனவற்றுக்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கமும் படங்களும் அமைந்திருக்க, சேர்த்தவரை நீக்குவது எப்படி என்ற விஷயத்துக்கு வந்ததும் ஆசிரியரின் உற்சாகம் குன்றி, இந்தக் கட்டளை பயனரை நீக்கும் என்ற ஒற்றை வாக்கியத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுவதைத் தொழிலில் பழகியவர் எவரும் கண்டிருப்பர். ஆக்கும் கருவியின் விளக்கம் குறைபட்டிருந்தால் அக்குறை உடனே வெளிப்பட்டுவிடும். இணைப்புக் கிடைக்காதவர் நிர்வாகியிடம் வந்து முறையிடுவார், நிர்வாகியும் காரணத்தைத் தேடிக் கண்டு திருத்துவார். நீக்கும் கருவியின் விளக்கம் குறைபட்டிருந்தாலோ, நீங்கிவிட்டதாக நாம் நம்புகிற ஒருவர் இன்னமும் உள்ளே வரக்கூடியவராக இருப்பார். அவர் முறையிட மாட்டார். நாமும் அறிய மாட்டோம். இக்காரணத்தால், விபிஎன் பயனர்களின் அமைப்புக் கோப்புகளை நீக்குவதற்கென்று செய்யப்பட்ட ஒரு சிறு கருவிக்குக் கைநூல் எழுதும் வேலையை, மென்பொருள் துறையின் பொறுப்பு மிகுந்த எழுத்துப் பணிகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

விபிஎன் என்பது, பொது இணையத்தின் வழியாகவே இரண்டு இடங்களுக்கிடையில் ரகசியமான ஒரு தனித்தொடர்பை ஏற்படுத்தித் தரும் ஏற்பாடு. வெளியூரில் இருக்கும் ஊழியர் தம் அலுவலகக் கணினிகளை அணுகுவதற்கும், பிரயாணத்தில் இருப்பவர் தம் வீட்டிலுள்ள கோப்புகளைப் பார்ப்பதற்கும், விமான நிலையத்தின் வைஃபை போன்ற நம்பத்தகாத இணைப்புகளில் செய்திகள் களவு போகாமல் காப்பதற்கும் இது உபயோகப்படுகிறது. ஒரு பக்கத்தில் சர்வர் இருக்கும்; மறுபக்கத்தில் கைப்பேசியோ மடிக்கணினியோ இருக்கும். அந்தக் கைப்பேசியில் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு வைக்கப்பட்டிருக்கும். சர்வரின் முகவரி, அதனோடு பேசுவதற்குரிய ரகசியத் திறவுகோல், பயனருக்கு ஒதுக்கப்பட்ட உள்முகவரி ஆகியவை அதில் அடங்கியிருக்கும். சில வரிகளே உள்ள இந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே உள்ளே வரும் உரிமை பெற்றவர் ஆகிறார் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், அதை நீக்குவது எத்தகைய காரியம் என்பது விளங்கிவிடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஓர் உண்மையான கருவியை எடுத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியை, வீட்டுக்கொரு விபிஎன் சர்வராக மாற்றித் தரும் பைவிபிஎன் என்ற இலவச மென்பொருள் உலகெங்கும் ஆர்வலர்களிடையே பழக்கத்தில் உள்ளது. நிறுவும்போதே ஓபன்விபிஎன், வயர்கார்டு ஆகிய இரண்டு முறைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும். பின்னர் ஆட் என்னும் கட்டளையால் பயனரைச் சேர்க்கலாம்; லிஸ்ட் என்பதால் பட்டியலிடலாம்; வயர்கார்டு முறையானால் ரிமூவ் என்பதாலும், ஓபன்விபிஎன் முறையானால் ரிவோக் என்பதாலும் நீக்கலாம். நீக்கும் கட்டளையோடு பயனரின் பெயரைக் கொடுக்காமல் விட்டால், இருக்கும் பயனர்களின் பட்டியலைக் காட்டி யாரை நீக்க வேண்டும் என்று கேட்கும்; பெயரைச் சொன்னதும், உண்மையாகவே நீக்கிவிடலாமா என்று மறுபடி ஒருமுறை கேட்கும்; ஆம் என்று உறுதி சொன்ன பிறகே வேலையைத் தொடங்கும். திரையில் பயனர் காண்பது இவ்வளவுதான். திரைக்குப் பின்னால் நடப்பது இதைவிட மிகுதி. விளக்கம் எழுதுகிறவர் கவனம் செலுத்த வேண்டியதும் அங்கேதான்.

வயர்கார்டு முறையை முதலில் பார்ப்போம். ஜேசன் டோனென்ஃபெல்டு என்பவர் இயற்றிய இம்முறை, எளிமையையே தன் பெருமையாகக் கொண்டது. ஏறத்தாழ 4,000 வரிகளில் அடங்கிய அதன் நிரல் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லினக்ஸ் கருவின் 5.6ஆம் பதிப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இதில் பயனர்பெயர் என்பதோ கடவுச்சொல் என்பதோ கிடையாது. ஒவ்வொரு பயனருக்கும் ரகசியத் திறவுகோல் ஒன்றும், அதிலிருந்து கணித முறையில் பெறப்படும் பொதுத் திறவுகோல் ஒன்றும் உண்டு. முன்னது பயனரின் கைப்பேசியில் இருக்க, பின்னது சர்வரின் அமைப்புக் கோப்பில் அவருக்குரிய பகுதியில் எழுதப்பட்டிருக்கும். பொதுத் திறவுகோல் பார்ப்பதற்கு 44 எழுத்துகள் கொண்ட பொருளற்ற ஒரு சரமாகவே தோன்றும். அது யாருடையது என்பது வயர்கார்டுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மனிதருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, பைவிபிஎன் அந்தப் பகுதியின் முன்னும் பின்னும் பயனரின் பெயரோடு தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இட்டு வைக்கிறது. நீக்கும் கட்டளை அவ்விரு குறிகளையும் தேடிப் பிடித்து, இடையிலுள்ள வரிகளை அகற்றுகிறது. பிறகு பயனர் பட்டியலிலிருந்து அவருக்குரிய வரியை எடுக்கிறது. சேமித்து வைத்திருந்த திறவுகோல் கோப்புகளை அழிக்கிறது. நிர்வாகியின் சொந்த அடைவில் வைத்திருந்த அமைப்புக் கோப்பின் பிரதியையும் அழிக்கிறது. இறுதியாக, மாற்றம் நடைமுறைக்கு வரும்பொருட்டு வயர்கார்டுக்குத் தன் அமைப்பை மீண்டும் படிக்குமாறு உத்தரவிடுகிறது.

இந்த வரிசையில் எந்தப் படியும் அனாவசியமானதன்று. கோப்பில் அகற்றிவிட்டு வயர்கார்டை மறுபடி படிக்கச் செய்யாவிட்டால், நினைவகத்தில் பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருக்க, நீக்கப்பட்டவர் தடையின்றி வந்து போவார். மாறாக, ஓடிக்கொண்டிருக்கும் வயர்கார்டிலிருந்து மட்டும் நீக்கிவிட்டுக் கோப்பைத் தொடாமல் விட்டால், அப்போதைக்கு அவர் வெளியேறிவிட்டாலும், மின்சாரம் போய் வந்து கணினி மீண்டும் தொடங்கும் நேரத்தில் அவருக்கும் மீண்டும் அனுமதி கிடைத்துவிடும். இவற்றைக் காட்டிலும் நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு. வயர்கார்டை நிர்வகிக்கும் துணைக்கருவியில், நிறுத்தும்போதெல்லாம் அப்போதைய நிலையைக் கோப்பில் தானாகவே எழுதிக்கொள்ளச் செய்யும் ஓர் அமைப்பு இருக்கிறது. அது செயலில் இருக்கும் சர்வரில், நிர்வாகி கோப்பைத் திறந்து பயனரின் பகுதியைக் கையால் அழித்துவிட்டு, மாற்றம் பலிக்கட்டும் என்று சேவையை நிறுத்தித் தொடங்கினால், நிறுத்தும் அந்தக் கணத்திலேயே நினைவகத்திலிருந்த பழைய நிலை கோப்பின்மேல் எழுதப்பட்டு, அழித்த வரிகள் அத்தனையும் திரும்ப வந்துவிடும். நிர்வாகியோ தம் கண்ணால் பார்த்து அழித்ததை நம்பி நிம்மதியாக இருப்பார். இப்படி ஒரு நிலைமை உண்டு என்று கைநூலில் இரண்டே வரிகள் எழுதியிருந்தால் அவர் தப்பியிருப்பார்.

ஆயினும், வயர்கார்டில் ஒரு பெரிய சௌகரியம் இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். சர்வரிலிருந்து பொதுத் திறவுகோல் முறையாக நீங்கிவிட்டால் காரியம் முற்றிற்று. பயனரின் கைப்பேசியில் பழைய கோப்பு இருந்துகொண்டே இருந்தாலும், அதை அவர் பத்துப் பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாலும், சர்வர் அவர்களுக்கு மறுமொழிகூடத் தராது. ஓபன்விபிஎன் முறையில் விஷயம் இவ்வளவு எளிதாக முடிவதில்லை.

ஜேம்ஸ் யோனன் என்பவர் மத்திய ஆசிய நாடுகளில் பிரயாணம் செய்த காலத்தில், அங்குள்ள இணைப்புகளின் வழியே தம் அலுவலகத்தோடு தொடர்புகொள்வதன் பாதுகாப்பைக் குறித்துக் கவலையுற்று இயற்றத் தொடங்கியது ஓபன்விபிஎன். அதன் முதல் வெளியீடு 2001ஆம் ஆண்டில் வந்தது. வழக்கமான அமைப்பில், சர்வரை நடத்துபவர் தமக்கென்று ஒரு சான்றளிக்கும் அதிகாரத்தை ஏற்படுத்திக்கொள்கிறார். அந்த அதிகாரத்தின் கையொப்பம் பெற்ற சான்றிதழை வைத்திருக்கும் எவரையும் சர்வர் அனுமதிக்கிறது. இங்கேதான் நீக்குவதன் சிக்கல் தோன்றுகிறது. ஓர் ஆலையின் வாயிற்காவலர், வருகிறவர்களின் அடையாள அட்டையில் ஆலையின் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உள்ளே விடுகிறவராக இருந்தால், வேலையை விட்டு நீங்கிய ஒருவரின் பெயரை அலுவலகப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவதால் பயன் ஏதும் இல்லை. அட்டையும் முத்திரையும் அவரிடமே இருக்கின்றன. அவரைத் தடுக்க வேண்டுமானால், செல்லாத அட்டைகளின் எண்களை எழுதிக் காவலரின் கையில் ஒரு பட்டியல் கொடுத்தாக வேண்டும். ஓபன்விபிஎன் உலகில் அந்தப் பட்டியலுக்குச் சான்றிதழ் ரத்துப் பட்டியல் என்று பெயர்.

ஆகவே, சர்வரில் உள்ள பயனரின் கோப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டாலும் அவருடைய உரிமை அணுவளவும் குறைவதில்லை. சான்றிதழ்களைக் கையாளும் ஈஸி-ஆர்எஸ்ஏ என்ற துணைக்கருவியில் முதலில் ரத்துக் கட்டளையை இட வேண்டும். அதன்பின் ரத்துப் பட்டியலைப் புதிதாக ஆக்கும் கட்டளையையும் இட வேண்டும். ஆக்கிய பட்டியலைச் சர்வர் படிக்கும் இடத்தில் கொண்டு வைக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்க்குமாறு சர்வரின் அமைப்பிலே ஒரு வரியும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், நீக்கம் நடந்ததாக நிர்வாகி எண்ணிக்கொண்டிருப்பாரேயன்றி உண்மையில் நடந்திராது. பைவிபிஎன் கருவி இவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் கோத்துத் தருவதுதான் அதன் பெரும் உபகாரம். ஆனால் கோத்துத் தருகிற கருவிக்கும் விளக்கம் வேண்டும். ஏனெனில் கருவி பாதிவழியில் நின்றுபோகும் நாள் ஒன்று வரும், அன்று எந்தப் படி முடிந்தது, எந்தப் படி முடியவில்லை என்பதை நிர்வாகி தாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கும்.

இம்முறையில் இன்னொரு விசேஷமும் உண்டு. ரத்தான சான்றிதழின் பதிவு அழிக்கப்படுவதில்லை. செல்லுபடியாகும் சான்றிதழுக்கு ஓர் எழுத்து, ரத்தானதற்கு ஓர் எழுத்து, காலாவதியானதற்கு ஓர் எழுத்து என்று குறியிட்டுச் சான்றளிக்கும் அதிகாரம் ஒரு பேரேட்டைப் பராமரித்து வருகிறது. ரத்துப் பட்டியல் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரேட்டைப் பார்த்தே ஆக்கப்படுகிறது. நீக்கியவரின் சுவடே இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு யாரேனும் பேரேட்டிலுள்ள வரியையும் சேர்த்து அழித்துவிட்டால், அடுத்த பட்டியலில் அவருடைய எண் இடம்பெறாமல் போய், நீக்கப்பட்டவர் மறுபடி அனுமதி பெற்றுவிடுவார். அவரைத் தடுத்து வைத்திருப்பது அந்தப் பதிவே. இதை வெளிப்படையாக எழுதாத கைநூல், ஒழுங்கும் தூய்மையும் விரும்புகிற நிர்வாகியையே தவறு செய்யத் தூண்டுவதாகும்.

காலத்தைப் பற்றிய இரண்டு செய்திகளும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். சர்வர் ரத்துப் பட்டியலைப் பார்ப்பது புதிய இணைப்பு வரும்போதும், இருக்கும் இணைப்பின் திறவுகோல்கள் புதுப்பிக்கப்படும்போதும்தான். இந்தப் புதுப்பித்தல் வேறு விதமாக அமைக்கப்படாதவரை 3,600 விநாடிகளுக்கு ஒருமுறை நடைபெறும். ஆகையால், ரத்து செய்யப்படும் அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் ஒரு மணி நேரம் வரையில் உள்ளேயே இருக்கக்கூடும். அவசரமாக வெளியேற்ற வேண்டுமானால் இணைப்பைத் துண்டிக்கவோ சேவையை மீண்டும் தொடங்கவோ வேண்டும். இரண்டாவது செய்தி, ரத்துப் பட்டியலுக்கே ஓர் ஆயுள் உண்டு என்பது. ஈஸி-ஆர்எஸ்ஏ தானாக விதிக்கும் ஆயுள் 180 நாட்கள். பட்டியல் காலாவதியானால், ஓபன்விபிஎன்னின் 2.4ஆம் பதிப்பு முதலாக, சர்வர் ரத்தானவர்களை மட்டுமின்றி நல்ல பயனர்கள் அனைவரையுமே மறுத்துவிடும். ஒரே ஒரு பயனரை நீக்கிவிட்டு ஆறு மாதம் மறந்திருந்த நிர்வாகிக்கு, ஒரு காலைப்பொழுதில் எல்லோருடைய இணைப்பும் ஒருசேர அற்றுப்போனால், அதற்கும் தாம் ஆறு மாதத்துக்கு முன் இட்ட கட்டளைக்கும் உள்ள சம்பந்தம் எப்படித் தோன்றும்? கைநூல் சொல்லியிருந்தாலன்றித் தோன்றாது.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று வாசகர் சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பிரதேசம் உபயோகிக்கும் எரிபொருளில் சுமார் 45 சதவிகிதத்தைக் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கணினிகளில், 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி வேற்றார் புகுந்தனர். மே 7ஆம் தேதி கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கடிதம் திரையில் தோன்றியது. அன்றே குழாய்வழி முழுவதும் நிறுத்தப்பட்டது. பல மாநிலங்களில் எரிபொருள் நிலையங்களின் முன் மக்கள் வரிசையில் காத்து நின்றனர். நிறுவனம் 75 பிட்காயின்களை, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலரை, கொடுத்தது. பெரும் பகுதியை அமெரிக்க நீதித்துறை பின்னர் மீட்டது. அதன் தலைமை நிர்வாகி ஜோசப் பிளவுன்ட் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் செனட் சபைக் குழுவின் முன் அளித்த சாட்சியத்தில், புகுந்தவர்கள் பயன்படுத்திய வழி, உபயோகத்தில் இருக்கக் கூடாத ஒரு பழைய விபிஎன் கணக்கு என்று தெரிவித்தார். இரண்டாவது அடையாளச் சோதனை ஏதும் அதற்கு இருக்கவில்லை. தேவையற்றுப்போன ஒரு கணக்கு, நீக்கப்படாமல், யார் கவனத்திலும் இல்லாமல், உயிரோடு இருந்திருக்கிறது. அங்கே இருந்த ஏற்பாடு வேறு வகையானது, நாம் பேசிக்கொண்டிருக்கும் சிறு கருவி அன்று என்பது உண்மையே. ஆனால் பழைய உரிமைகளை எடுக்காமல் விட்டுவைப்பதன் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை நான் அறியேன்.

இனி, கைநூல் எழுதும் கலையைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். இத்துறைக்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகத் தொகுத்த கைநூலின் முதற்பதிப்பு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதியைத் தாங்கியது. ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பெயர், எழுதும் முறை, விளக்கம், அது தொடும் கோப்புகள், தொடர்புடைய பக்கங்கள், அது காட்டக்கூடிய பிழைச்செய்திகள், அதன் குறைகள் என்று தலைப்பு வகுத்து எழுதினார்கள். கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளையும் அந்தப் பதிப்பிலேயே உண்டு. அம்மரபில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது குறைகள் என்ற பகுதி. தாம் செய்த கருவி எங்கே பிழைபடும், எதைச் செய்யாது என்பதை, கருவியைச் செய்தவர்களே அதே பக்கத்தில் எழுதிவைத்த அந்த நேர்மையைப் பிற்காலத்தில் பலர் கைவிட்டுவிட்டனர். நீக்கும் கருவிக்கு அந்தப் பகுதி உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம். தொடும் கோப்புகள் என்ற பகுதியும் அப்படியே. நீக்கும் கருவி எந்தெந்தக் கோப்பில் கை வைக்கும் என்று முழு முகவரியோடு எழுதியிருந்தால், கருவி செய்ததைப் பயனர் தாமே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எழுதும் முறையைக் காட்டும் வரியிலும் கவனம் வேண்டும். சதுர அடைப்புக்குறிக்குள் வருவது விருப்பமானால் தரலாம் என்பதையும், கோண அடைப்புக்குறிக்குள் வருவது உரிய பெயரை இட்டு நிரப்ப வேண்டிய இடம் என்பதையும், மூன்று புள்ளிகள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தரலாம் என்பதையும் குறிக்கும் வழக்கம் நெடுநாளையது. பைவிபிஎன்னின் நீக்கக் கட்டளை ஒரே வரியில் பல பெயர்களை ஏற்றுக்கொள்ளும். ஒய் என்ற எழுத்தைச் சேர்த்தால், உறுதி கேட்கும் கேள்வியை விட்டுவிட்டு உடனே நீக்கவும் செய்யும். நூறு பயனர்களைத் தானியங்கி முறையில் நீக்க வேண்டிய நிர்வாகிக்கு இவ்விரண்டும் அவசியமான வசதிகள். ஆனால் இரண்டையும் ஒருசேரப் பிரயோகித்தால் தடுத்து நிறுத்துவதற்கு இடையில் எதுவும் இராது என்பதால், கைநூலின் முதல் உதாரணத்தில் அவ்வெழுத்தைச் சேர்த்து எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரும்பாலோர் விளக்கத்தைப் படிப்பதில்லை; உதாரணத்தைப் பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதைவிட, ஒட்டினாலும் தீங்கு விளையாத உதாரணங்களை எழுதுவதே ஆசிரியரின் கடமை.

இதற்கெனவே இணையத்தின் விதிமுறைகளை வகுப்போர் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டில், உதாரணங்களில் மட்டும் எழுதுவதற்கென்று எக்ஸாம்பிள்.காம் முதலிய சில இணையப் பெயர்களையும், 2010ஆம் ஆண்டில் 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் மூன்று முகவரித் தொகுதிகளையும் யாருக்கும் உரிமையாக்காமல் ஒதுக்கினார்கள். இவற்றை எழுதினால், வாசகர் அப்படியே தட்டச்சு செய்தாலும் உண்மையான எவருக்கும் அதனால் தொல்லை நேராது. நீக்கும் கட்டளையின் உதாரணத்தில் பயனர்பெயராக நிர்வாகி என்றோ வீடு என்றோ எல்லோரும் வைக்கக்கூடிய பெயரை எழுதுவதும் அதே காரணத்தால் தவிர்க்கத் தக்கது.

உறுதி கேட்கும் கேள்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு வெகுநேரம் உழைத்த களைப்பில், துணைச் சர்வரில் இடவேண்டிய நீக்கக் கட்டளையை முதன்மைச் சர்வரில் இட்டுவிட்டார்; தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 கிகாபைட் அளவிருந்த தரவில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. ஆறு மணி நேரத் தரவு மீட்க இயலாமல் போயிற்று. அந்நிறுவனம் நிகழ்ந்ததை ஒளிக்காமல் உலகறிய எழுதியதை இங்கே பாராட்ட வேண்டும். நீக்கலாமா என்று மட்டும் கேட்கும் கேள்விக்குக் களைத்த மனிதர் ஆம் என்றே விடையளிப்பார். எந்தச் சர்வரில், எந்தப் பயனரை, எப்போது சேர்க்கப்பட்டவரை நீக்கப்போகிறோம் என்பதையும் கேள்வியிலேயே காட்டுகிற கருவிதான் அவரைச் சிந்திக்க வைக்கும். கருவி அவ்வாறு காட்டாவிட்டால், அக்குறையைக் கைநூலாவது ஈடுசெய்து, நீக்குமுன் பட்டியலிட்டுப் பாருங்கள், எந்தச் சர்வரில் இருக்கிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள் என்று முதற்பத்தியிலேயே எழுத வேண்டும்.

பட்டியலிலுள்ள வரிசை எண்ணைக் கொண்டு நீக்கும் வசதி உள்ள கருவிகளில் ஓர் அபாயம் உண்டு. மூன்றாம் எண்ணை நீக்கியதும் நான்காவது மூன்றாவது ஆகிவிடும். பழைய பட்டியலைக் கண்ணில் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணை இடுகிறவர் வேறொருவரை நீக்கிவிடுவார். பெயரைக் கொண்டு நீக்குவதே நலம் என்று ஒரு வரி போதும்.

காப்புப்பிரதியைப் பற்றி எழுதாமல் விட்டால் கைநூல் நிறைவு பெறாது. பைவிபிஎன்னில் அமைப்புகள் முழுவதையும் ஒரு கட்டாகச் சேமித்துவைக்கும் கட்டளையும் இருக்கிறது. சென்ற ஆண்டு சேமித்ததை இன்று மீட்டெடுத்தால், இடைப்பட்ட காலத்தில் நீக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதனோடு திரும்பி வருவார்கள். ஓபன்விபிஎன்னானால் பேரேடும் ரத்துப் பட்டியலும் பழைய நிலைக்குப் போய்விடும். நினைவட்டை பழுதாகிப் பதற்றத்தோடு மீட்டெடுக்கும் நேரத்தில் இது யாருக்கும் ஞாபகம் வராது. ஆகவே, நீக்கிய உடனே புதிய காப்புப்பிரதி எடுத்து, பழையவற்றை அழித்துவிட வேண்டும் என்ற அறிவுரை, காப்புக் கட்டளையின் பக்கத்தில் இருப்பதோடு, நீக்கும் கட்டளையின் பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒரே விஷயத்தை இரண்டிடத்தில் எழுதுவது கூறியது கூறல் என்னும் குற்றமாகுமே என்று தயங்குவோர் உண்டு. கைநூலைத் தொடக்கம் முதல் முடிவு வரை யாரும் படிப்பதில்லை, தமக்கு வேண்டிய பக்கத்தை மட்டுமே திறக்கிறார்கள் என்பதால் அக்குற்றம் இங்கே பொருந்தாது.

கருவியின் கை எட்டாத இடங்களையும் சொல்ல வேண்டும். பயனரின் கைப்பேசியில் உள்ள கோப்பு, அதை அவருக்கு அனுப்பிய மின்னஞ்சல், சேர்த்த நாளில் திரையில் காட்டிப் படமெடுத்துக்கொண்ட கியூஆர் குறி ஆகியவற்றைச் சர்வரில் இடும் எந்தக் கட்டளையும் அழிக்காது. வயர்கார்டில் அவை செல்லாக் கோப்புகள் ஆகிவிடுவதால் கவலை இல்லை. ஓபன்விபிஎன்னில் ரத்துப் பட்டியல் ஒழுங்காக இருக்கும்வரை கவலை இல்லை. ஒரே திறவுகோலை இரண்டு சர்வர்களில் பதிந்திருந்தால் இரண்டிலும் நீக்க வேண்டும். நீங்கியவரின் உள்முகவரி பின்னர் வரும் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம் என்பதால், பழைய முகவரிக்கென்று ஃபயர்வாலில் எழுதிவைத்த சலுகைகளும் அப்போதே எடுக்கப்பட வேண்டும். இல்லையேல் புதியவர் தமக்கு உரிமையில்லாத இடங்களில் நுழையும் அதிகாரத்தை அறியாமலே பெற்றுவிடுவார்.

நான் இந்தக் கருவிக்குக் கைநூல் எழுதுவதாக இருந்தால், முதற்பத்தியை இவ்வாறு அமைப்பேன்: இக்கட்டளை, நீங்கள் குறிப்பிடும் பயனர் இந்தச் சர்வரோடு இணைவதற்குரிய உரிமையை எடுத்துவிடும்; அவருடைய திறவுகோல்களையும் அமைப்புக் கோப்பையும் இந்தச் சர்வரிலிருந்து அழித்துவிடும்; அழித்தவற்றை இக்கருவியின் கட்டளையால் நேரடியாகத் திரும்பப் பெற இயலாது, மீண்டும் அனுமதிக்க வேண்டுமானால் புதிய பயனராகவே சேர்க்க வேண்டும்; அவருடைய சாதனத்தில் உள்ள கோப்பையும் உங்கள் காப்புப்பிரதிகளையும் இக்கட்டளை தொடாது; தற்காலிகமாக நிறுத்திவைப்பது மட்டுமே உங்கள் நோக்கமானால், வயர்கார்டு முறையில் நீக்காமல் முடக்கிவைக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு பத்தியைப் படித்தவர், பின்வரும் பக்கங்களைப் படிக்காமல் விட்டாலும், தாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்வார்.

வீட்டிலோ அலுவலகத்திலோ இத்தகைய சர்வரைப் பராமரித்துவரும் அன்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரத்திலேயே பயனர் பட்டியலை ஒருமுறை வருவித்து, ஒவ்வொரு பெயரும் யாருடையது, எந்தச் சாதனத்துக்குரியது என்று பாருங்கள். யாரென்று சொல்ல முடியாத பெயர் இருந்தால் அதை முதலில் முடக்கிவையுங்கள். சில நாட்களில் யாரும் வந்து கேட்காவிட்டால் நீக்கிவிடுங்கள். நீக்கிய பிறகு, முடிந்தால் அந்தப் பழைய கோப்பைக் கொண்டே ஒருதரம் இணைந்து பார்த்து, இணைப்புக் கிடைக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.